கல்லாப்பெட்டி யார் கையில்? லாஸ் வேகாஸ் படங்கள் சொல்லும் வரலாறு

லாஸ் வேகாஸ் என்றதும் என்ன நினைவுக்கு வருகிறது? கண்ணைக் கூச வைக்கும் நியான் விளக்குகள், சுழலும் ரூலெட் சக்கரம், கோட்டு சூட்டு போட்ட கொள்ளையர்கள்... எல்லாமே சினிமா கொடுத்ததுதான். அமெரிக்கப் பக்கமே போகாதவர்களுக்கும் அந்த ஊரின் பிரதான சாலை பக்கத்துத் தெரு மாதிரி பழகிப் போயிருக்கிறது.

ஆனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் படங்களைப் பார்த்தால் வேறொரு கதை தெரிய ஆரம்பிக்கும். ஆட்டம் முடிந்ததும் பெட்டிகளைத் திறந்து பணத்தை எண்ணுவது யார்? எண்ணிய பணம் யாருக்குப் போகிறது? எழுபது எண்பது வருடங்களில் இதற்கான பதில் நாலைந்து முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படமாவது இருக்கிறது. ஒரே சிக்கல், படம் பெரும்பாலும் லேட்டாகத்தான் வரும். பழைய முதலாளி போய்ச் சேர்ந்த பிறகுதான் ஹாலிவுட் அவருக்கு மாலை போடும்!

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1905-ம் ஆண்டு மே 15 அன்று ஒரு ரயில்வே கம்பெனி பாலைவனத்தில் மனைகளை ஏலம் விட்டது. அதுதான் லாஸ் வேகாஸின் பிறந்தநாள். 1930-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அங்கே இருந்தவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். பொருளாதாரப் பெருமந்தத்தில் நொடித்துக் கிடந்த நெவாடா மாநிலம், 1931 மார்ச் 19-ல் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே வருடம் பக்கத்தில் ஹூவர் அணைக்கட்டு வேலையும் தொடங்கியது. கையில் சம்பளத்தோடு ஆயிரக்கணக்கான தொழிலாளிகள், பக்கத்திலேயே சூதாட்ட மேஜை. இதற்கு மேல் விளம்பரம் வேண்டுமா என்ன?

படங்களில் வரும் பெரிய பெரிய கேசினோக்கள் இருக்கும் 'ஸ்ட்ரிப்' என்ற சாலையின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை. நகராட்சி வரிக்குள் சிக்காமல் இருக்க, 1950-ல் அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் 'பாரடைஸ்', அதாவது சொர்க்கம். வரி கட்டாத இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இந்த ஊரை உண்டாக்கியவர் யார் என்று சினிமா ரசிகரைக் கேட்டால் பக்ஸி சீகல் என்பார். நியூயார்க்கிலிருந்து வந்த யூத கேங்ஸ்டர். 1991-ல் வந்த 'பக்ஸி' படத்தில் வாரன் பீட்டி காரை நிறுத்திவிட்டு வெறும் பாலைவனத்துக்குள் நடப்பார். திடீரென்று ஞானோதயம் வந்ததுபோல் ஒரு பிரம்மாண்டமான ஹோட்டல் மனக்கண்ணில் தோன்றும். அழகான காட்சி. ஆனால் நடந்தது அப்படியில்லை. ஃப்ளமிங்கோ ஹோட்டலை ஆரம்பித்தவர் பில்லி வில்கர்சன் என்பவர். 'தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' என்ற சினிமாப் பத்திரிகையை 1930-ல் தொடங்கிய அதே மனிதர். அவரே தீவிர சூதாடி. கட்டடம் பாதியில் நிற்கும்போது கையில் காசு தீர்ந்துவிட்டது. அப்போது பண உதவி என்ற பெயரில் உள்ளே வந்தவர்கள்தான் சீகலும் அவருடைய கூட்டாளிகளும். கொஞ்ச நாளில் வில்கர்சன் வெளியே, சீகல் உள்ளே. சினிமாப் பத்திரிகைக்காரரின் யோசனையைக் கேங்ஸ்டர் பறித்துக்கொண்டார். பிறகு அதே சினிமா, யோசனையே கேங்ஸ்டருடையதுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டது!

1946 டிசம்பர் 26-ல் ஃப்ளமிங்கோ திறக்கப்பட்டது. செலவு சுமார் 60 லட்சம் டாலர் என்பார்கள், அந்தக் காலத்தில் நம்ப முடியாத தொகை. ஹோட்டல் அறைகள் தயாராகவில்லை. வந்தவர்கள் இங்கே ஜெயித்த பணத்தை எடுத்துக்கொண்டு வேறு ஹோட்டலில் போய்த் தூங்கினார்கள். ஒரு மாதத்தில் மூடி, மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். லாபம் எட்டிப் பார்த்த நேரத்தில், 1947 ஜூன் 20 அன்று பெவர்லி ஹில்ஸில் ஒரு வீட்டு சோஃபாவில் உட்கார்ந்திருந்த சீகலை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். யார் செய்தது என்பது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை.

'தி காட்ஃபாதர்' (1972) படத்தில் கண்ணாடி வழியாகக் கண்ணில் சுடப்படும் மோ கிரீன் இந்த சீகலின் சாயல்தான். இரண்டாம் பாகத்தில் (1974) வயதான ஹைமன் ராத், அந்தப் பையனின் நினைவாக ஊரில் ஒரு சிலைகூட இல்லையே என்று வருத்தப்படுவார். பிற்காலத்தில் ஃப்ளமிங்கோ தோட்டத்தில் சீகலுக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்துவிட்டார்கள், தேனிலவு ஜோடிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சீகல் கட்டிய பழைய கட்டடங்களில் ஒன்றுகூட அங்கே மிச்சமில்லை. கடைசியாக இருந்ததையும் 1993-ல் இடித்தாயிற்று.

அடுத்தது 'ஓஷன்ஸ் 11'. ஜார்ஜ் க்ளூனி படம் இல்லை, 1960-ல் வந்த மூலப் படம். ஃபிராங்க் சினாட்ரா, டீன் மார்ட்டின், சாமி டேவிஸ் ஜூனியர் கோஷ்டி பகலில் ஷூட்டிங், ராத்திரியில் சாண்ட்ஸ் ஹோட்டல் மேடையில் கச்சேரி என்று அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஓட்டினார்கள். கதை எளிமையானது. முன்னாள் ராணுவ வீரர்கள் பதினோரு பேர் புத்தாண்டு இரவில் மின்சாரத்தைத் துண்டித்து, சஹாரா, ரிவியேரா, டெசர்ட் இன், சாண்ட்ஸ், ஃப்ளமிங்கோ என்ற ஐந்து கேசினோக்களை ஒரே நேரத்தில் கொள்ளையடிக்கிறார்கள். (கிளைமாக்ஸைச் சொல்லக்கூடாதுதான். ஆனால் அறுபது வருடத்துக்கு முந்தைய படம், மன்னிக்கலாம்: பணத்தை ஒளித்து வைத்த சவப்பெட்டியைத் தகனம் செய்துவிடுவார்கள். எல்லாம் சாம்பல்.)

படம் பெரிய காவியம் ஒன்றும் கிடையாது. நண்பர்கள் சேர்ந்து ஜாலியாக எடுத்த படம், அப்படித்தான் தெரியும். ஆனால் வரலாறு தெரிந்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தும். ஒன்று, கேசினோவைக் கொள்ளையடிக்கும் படத்தின் ஹீரோவுக்கு அப்போது சாண்ட்ஸ் கேசினோவிலேயே பங்கு இருந்தது. தன் கல்லாவில் தானே கைவைக்கும் கதை! 1963-ல் சிகாகோ மாஃபியா தலைவர் சாம் ஜியான்கானாவைத் தன் கேசினோவில் தங்க வைத்த விவகாரத்தில் சினாட்ராவின் உரிமம் பறிபோனது.

இன்னொன்று இன்னும் முக்கியமானது. படத்தில் சாமி டேவிஸ் குப்பை லாரி ஓட்டுபவராக வருவார். ஐந்து கேசினோக்களிலிருந்தும் பணத்தை வெளியே கொண்டுவருவது அந்த லாரிதான். அவரைத் தவிர அந்தக் கூட்டத்தில் கறுப்பினத்தவர் யாரும் இல்லை. இது திரைக்கதையாசிரியரின் தற்செயலான கற்பனை மாதிரி இருக்கலாம். அன்றைய லாஸ் வேகாஸில் அதுதான் நிலைமை. ஸ்ட்ரிப்பில் கறுப்பினக் கலைஞர்கள் மேடையில் பாடலாம், கைதட்டல் வாங்கலாம். பாடி முடித்ததும் நகரின் மேற்குப் பகுதியில் கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரத்துக்குப் போய்த்தான் தூங்க வேண்டும். அவர்கள் பாடும் ஹோட்டலில் அவர்களுக்கே அறை கிடையாது. சினாட்ரா மாதிரி ஒருவர் பக்கத்தில் நின்று சண்டை போட்டால் மட்டும் விதிவிலக்கு. ஹோட்டல் வேலையிலும் அப்படியே. சமையலறையின் பின்பக்கம், துடைப்பம், சலவை. சீட்டு பங்கிடும் வேலைக்குக் கறுப்பினத்தவரை எடுக்க மாட்டார்கள்.

1955 மே மாதம் இரு இனத்தவரும் சேர்ந்து ஆடலாம், தங்கலாம் என்று 'மூலாங் ரூஜ்' என்ற கேசினோ திறக்கப்பட்டது. ஸ்ட்ரிப்பில் கச்சேரி முடித்த நட்சத்திரங்கள் நள்ளிரவுக்குப் பிறகு அங்கே வந்து குவிவார்கள். ஆறே மாதத்தில் மூடிவிட்டது. 1960-ல், படப்பிடிப்புக் குழு ஊரைவிட்டுக் கிளம்பிய சில வாரங்களில், டாக்டர் ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பல் மருத்துவர் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தின் சார்பில் ஒரு கெடு விதித்தார். பாகுபாடு நிற்காவிட்டால் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் போவோம் என்றார். டெலிவிஷன் கேமராக்கள் முன்னால் ஊர்வலம் என்றால் வியாபாரம் என்னாகும்? மார்ச் 26-ம் தேதி, மூடிக்கிடந்த அதே மூலாங் ரூஜின் காபி ஷாப்பில் உட்கார்ந்து கேசினோக்காரர்கள் இறங்கி வந்தார்கள். மனசாட்சியைவிடக் கல்லாப்பெட்டி சீக்கிரம் பதில் சொல்லும் என்பதை அந்த டாக்டர் சரியாகக் கணித்திருந்தார். ஆகஸ்டில் படம் வெளிவந்தபோது, அது காட்டிய லாஸ் வேகாஸ் சட்டதிட்டத்தில் மாறிவிட்டிருந்தது. அந்தக் காபி ஷாப் கதையை ஹாலிவுட் ஒரு பெரிய படமாக எடுத்திருக்கலாம். கொள்ளைக் கதையைத்தான் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

லாஸ் வேகாஸ் படங்களில் ஒன்றை மட்டும்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'கேசினோ'வைத்தான் (1995) சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் ஓடும். அதில் முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட ஒரு கணக்கியல் வகுப்பு! பணம் மேஜையிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து எண்ணும் அறைக்கு, அங்கிருந்து சூட்கேஸுக்கு, சூட்கேஸிலிருந்து விமானத்தில் கன்சாஸ் சிட்டிக்கு எப்படிப் போகிறது என்று கேமரா பின்னாலேயே போகும்.

படத்தில் வரும் 'டேஞ்சியர்ஸ்' கற்பனைப் பெயர். நிஜத்தில் அது ஸ்டார்டஸ்ட். ராபர்ட் டி நீரோ செய்த பாத்திரத்தின் அசல், ஃபிராங்க் ரோசந்தால் என்ற சிகாகோ பந்தயக்காரர். ஆலன் கிளிக் என்ற முப்பது வயது சொச்சமுள்ள ரியல் எஸ்டேட்காரர் 1974-ல் ஸ்டார்டஸ்ட் உள்ளிட்ட கேசினோக்களை வாங்கினார். அவருக்கு 6.27 கோடி டாலர் கடன் கொடுத்தது டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் தொழிற்சங்கத்தின் ஓய்வூதிய நிதி. அதாவது வாழ்நாள் முழுக்க ஸ்டீயரிங் பிடித்தவர்கள் வயதான காலத்துக்குச் சேர்த்து வைத்த பணம். அந்த நிதியில் யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை மறைமுகமாகத் தீர்மானித்தது மாஃபியா. வாங்கியவர் பெயருக்கு முதலாளி. உள்ளே உட்கார்ந்து நடத்தியவர் ரோசந்தால். லாபத்தின் பங்கு போனது சிகாகோ, கன்சாஸ் சிட்டி, மில்வாக்கி, கிளீவ்லாந்து ஆட்களுக்கு.

அதற்கு 'ஸ்கிம்' என்று பெயர். பாலில் மேலே படியும் ஆடையை வழித்தெடுப்பது மாதிரி. இதில் புத்திசாலித்தனம் எங்கே இருக்கிறது என்றால், திருட்டு கணக்குக்கு முன்னாலேயே முடிந்துவிடும். கணக்கில் ஏறிய பணத்தைத் திருடினால் ஆடிட்டர் கண்டுபிடிப்பார். ஏறாத பணம் பிறக்கவே இல்லையே! ஸ்லாட் மெஷின்களில் விழும் நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, எடை போட்டுத்தான் தொகை போடுவார்கள். தராசைக் கொஞ்சம் திருத்திவிட்டால் போதும். எடை குறைவாகக் காட்டும். வித்தியாசம் அத்தனையும் சுத்தமான கறுப்புப் பணம். சந்தையில் நிறுவையில் ஏமாற்றும் வியாபாரி வாங்குபவரை ஏமாற்றுவார். இவர்கள் அரசாங்கத்தையும், பெயருக்கு இருந்த முதலாளியையும் ஒரே தராசில் ஏமாற்றினார்கள்.

இந்த சாம்ராஜ்யம் எப்படிக் கவிழ்ந்தது? படத்தில் பிஸ்கானோ என்ற கன்சாஸ் சிட்டி ஆள், தன் செலவுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். எஃப்.பி.ஐ. வந்து அள்ளிக்கொண்டு போகும். (அவரைத் திட்டிக்கொண்டே இருக்கும் அம்மாவாக வருவது இயக்குநர் ஸ்கார்செஸியின் சொந்த அம்மா.) பார்ப்பவர்கள் இது காமெடிக்காகச் சேர்த்தது என்று நினைப்பார்கள். ஆனால் அடிப்படை உண்மைதான். கார்ல் டிலூனா என்ற கன்சாஸ் சிட்டி மாஃபியாக்காரர், யாருக்கு எவ்வளவு பங்கு, யார் எப்போது எதற்குச் செலவு செய்தார் என்று ஒழுங்காகக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். தலைவர்கள் நாளைக்குக் கேள்வி கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயம்! 1979 பிப்ரவரியில் சோதனை போட்ட எஃப்.பி.ஐ. கையில் அது சிக்கியது. ஒட்டுக்கேட்பு ஒலிப்பதிவுகளும் சேர, 1986 வாக்கில் சிகாகோ தலைவர் ஜோசப் அயுப்பா உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்டாமலிருக்க இத்தனை பாடுபட்டவர்கள், தங்களுக்குள் வைத்துக்கொண்ட நேர்மையான கணக்கால் மாட்டினார்கள்.

படத்தின் தொடக்கத்தில் டி நீரோவின் கார் வெடிக்கும். 1982 அக்டோபரில் ரோசந்தாலின் கார் நிஜமாகவே வெடித்தது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்த இரும்புத் தகடு காப்பாற்றியது என்கிறார்கள். 2008 வரை உயிரோடு இருந்தார். அவருக்காக வாதாடிய வக்கீல் ஆஸ்கர் குட்மேன், படத்தில் குட்மேனாகவே நடித்திருக்கிறார். படம் வந்து நாலு வருடத்தில், 1999-ல், அவரை லாஸ் வேகாஸ் மக்கள் மேயராகத் தேர்ந்தெடுத்தார்கள். 2011 வரை பதவியில் இருந்தார். சினிமாவிலிருந்து அரசியலுக்குப் போவது நம் ஊரில் மட்டும்தான் நடக்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

'கேசினோ'வில் ஒரு பிரச்சினையும் இருக்கிறது. கடைசியில் டி நீரோவின் குரல், பழைய காலம் போய்விட்டதே, கம்பெனிகள் வந்து ஊரை டிஸ்னிலேண்ட் மாதிரி ஆக்கிவிட்டார்களே என்று புலம்பும். ஒரு காலத்தில் வாடிக்கையாளர் என்ன குடிப்பார் என்று டீலருக்குத் தெரியும், இப்போது யாருக்கும் யாரையும் தெரியாது என்ற மாதிரி. கேட்கும்போது நமக்கும் தொண்டை அடைக்கும். ஒவ்வொரு மஃபினிலும் புளூபெர்ரி சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்று சமையல்காரரிடம் சண்டை போடும் முதலாளி அல்லவா! ஆனால் அந்த மஃபினுக்கு முதல் போட்டது லாரி ஓட்டுநர்களின் ஓய்வூதியம் என்பதை அந்தப் புலம்பல் மறக்கடித்துவிடுகிறது. கம்பெனிகள் மேல் ஆயிரம் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும். அதற்காக, ஒருவனின் தலையைப் பட்டறை இடுக்கியில் வைத்து நசுக்கும் ஆட்களை நல்ல நிர்வாகிகள் என்று ஏங்குவது கொஞ்சம் அதிகம்.

சரி, கம்பெனிகள் எப்படி வந்தன? அந்தக் கதை 1966 நவம்பரில் ஆரம்பிக்கிறது. ஹோவர்ட் ஹியூஸ் என்ற கோடீஸ்வரர், விமானம் ஓட்டியவர், ஆர்.கே.ஓ. சினிமா ஸ்டூடியோவை ஒரு காலத்தில் வைத்திருந்தவர், ஒரு ராத்திரி ரகசியமாக லாஸ் வேகாஸுக்கு வந்து டெசர்ட் இன் ஹோட்டலின் மேல்மாடிகளில் குடியேறினார். யாரையும் பார்க்க மாட்டார். சூதாடவும் மாட்டார். பெரிய சூதாடிகளுக்கு அறை வேண்டும், காலி பண்ணுங்கள் என்று ஹோட்டல்காரர்கள் சொன்னபோது, 1967-ல் ஹோட்டலையே வாங்கிவிட்டார்! பிறகு சாண்ட்ஸ், ஃப்ரண்டியர், காஸ்டவேஸ், லேண்ட்மார்க் என்று வரிசையாக வாங்கினார். 1971-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' நினைவிருக்கிறதா? மாடியில் அடைந்து கிடக்கும், யாருமே பார்த்திராத கோடீஸ்வரர் வில்லார்ட் ஒயிட் சாட்சாத் ஹியூஸ்தான். மாடியில் இருப்பது நிஜ ஆள்தானா, இல்லை அவர் குரலில் வேறு யாரோ பேசுகிறார்களா என்பதுதான் கதையின் முடிச்சு. பாண்ட் படங்களில் நையாண்டிக்கு இது ஒரு நல்ல உதாரணம். படம் வருவதற்கு ஒரு வருடம் முன்பே, 1970-ல், ஹியூஸ் வந்த மாதிரியே சத்தமில்லாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார்.

ஹியூஸைவிட முக்கியமானது ஒரு சட்டம். அதுவரை கேசினோவில் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியாக உரிமம் வாங்க வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிக்கு லட்சக்கணக்கான பங்குதாரர்கள், அத்தனை பேரையும் விசாரிப்பது நடக்கிற காரியமா? 1967-லும் 1969-லும் நெவாடா சட்டத்தைத் திருத்தி அந்த விதியைத் தளர்த்தியது. அதன்பின் ஹில்டன் மாதிரி பெரிய கம்பெனிகள் உள்ளே வந்தன. சூட்கேஸில் போன பணம் ஈவுத்தொகைக் காசோலையாகப் போக ஆரம்பித்தது. மாஃபியாவை விரட்டியது துப்பாக்கி ஏந்திய போலீஸ் மட்டும் இல்லை, இந்தச் சட்டத் திருத்தத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆனால் சட்டத் திருத்தத்தை வைத்துப் படம் எடுத்தால் யார் பார்ப்பார்கள்?

அதே காலத்தில் கிர்க் கெர்கோரியன் என்பவர் எம்.ஜி.எம். சினிமா ஸ்டூடியோவை வாங்கினார். ஸ்டூடியோவின் பழைய உடைகளும் அரங்கப் பொருட்களும் 1970-ல் ஏலத்தில் போயின. 1973-ல் லாஸ் வேகாஸில் 'எம்.ஜி.எம். கிராண்ட்' என்ற மாபெரும் ஹோட்டல் எழுந்தது. 1932-ல் அந்த ஸ்டூடியோ எடுத்த 'கிராண்ட் ஹோட்டல்' படத்தின் நினைவாக வந்த பெயர். வில்கர்சன், ஹியூஸ், கெர்கோரியன் என்று மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால், இந்த ஊரைப் பற்றி சினிமா எடுத்த படங்களைவிட, சினிமாவில் புழங்கியவர்கள் இந்த ஊருக்குள் கொண்டுவந்த முதல்தான் பெரிய கதை என்று தோன்றும்.

நேர்மாறாக இந்த ஊரைப் படமெடுத்து ஓட்டாண்டியானவரும் உண்டு. 'காட்ஃபாதர்' கொப்போலாதான். 'ஒன் ஃப்ரம் தி ஹார்ட்' (1982) படத்துக்காக லாஸ் வேகாஸுக்குப் போகாமல் தன் ஸ்டூடியோவுக்குள்ளேயே முழு ஸ்ட்ரிப்பையும், விமான நிலையத்தையும் நியான் விளக்குகளோடு கட்டினார். செலவு 2.6 கோடி டாலர். வசூல் பத்து லட்சத்தைக்கூடத் தொடவில்லை. கடனை அடைக்க வருடக்கணக்கில் மற்றவர்களுக்குப் படம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. ரூலெட் மேஜையில் உட்கார்ந்திருந்தால் இவ்வளவு வேகமாகத் தோற்றிருக்க மாட்டார்.

ரூலெட் பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், கூடவே ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். நீங்கள் கட்டிய எண் விழுந்தால் 35 மடங்கு கொடுப்பார்கள். நியாயமாக 37 மடங்கு வர வேண்டும். அந்த இரண்டு பூஜ்யங்களில்தான் எல்லாம் இருக்கிறது. கட்டும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக 5 டாலர் 26 சென்ட் கேசினோவுக்கு. பாரதக் கதையில் பகடை சொன்னபடி விழ ஒரு சகுனி தேவைப்பட்டார். இங்கே சகுனிக்கு வேலையே இல்லை, கூட்டல் கழித்தல் போதும்.

இதை உணர்த்துவதில் 'லாஸ்ட் இன் அமெரிக்கா' (1985) என்ற நகைச்சுவைப் படத்துக்கு இணை கிடையாது. வேலையை உதறிவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் ஒரு தம்பதி. லாஸ் வேகாஸில் ஒரே ராத்திரியில் மனைவி வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ரூலெட்டில் விட்டுவிடுவார். கணவர் விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தவர். விடிந்ததும் கேசினோ மேனேஜரிடம் போய், எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் அதையே பெரிய விளம்பரமாக்கலாம் என்று விற்பனைப் பேச்சு பேசுவார். மேனேஜர் பொறுமையாகக் கேட்பார். பணம் மட்டும் வராது. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. லாஸ் வேகாஸ் பற்றி வந்த காட்சிகளிலேயே அதிகம் பயமுறுத்துவது இதுதான்.

ஜெயித்தவர்கள் கதையும் இருக்கிறதே என்று கேட்கலாம். 'ரெயின் மேன்' (1988) படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் சீசர்ஸ் பேலஸில் சீட்டுகளை மனதில் எண்ணி பிளாக்ஜாக்கில் ஜெயிப்பார். '21' (2008) படத்தில் எம்.ஐ.டி. மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதையே செய்வார்கள். இதற்கான கணிதத்தை எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் 1962-லேயே புத்தகமாக வெளியிட்டுவிட்டார். மனதுக்குள் எண்ணுவது குற்றமில்லை. ஆனால் எண்ணத் தெரிந்தவரை வெளியே அனுப்ப நெவாடா கேசினோவுக்கு உரிமை உண்டு! ஜெயிக்கத் தெரியாதவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கும் கடை. '21' நாயகனின் அசலான ஜெஃப் மா ஆசிய வம்சாவளிக்காரர். படத்தில் நாயகன் வெள்ளைக்காரர் ஆனார். ஜெஃப் மாவுக்கு என்ன கிடைத்தது? சீட்டு போடும் டீலராக ஒரு சின்ன வேடம்.

1989 நவம்பரில் ஸ்டீவ் வின் 63 கோடி டாலரில் 'மிராஜ்' ஹோட்டலைத் திறந்தபோது மறுபடி கல்லா கைமாறியது. இந்த முறை லாரி ஓட்டுநர் பணம் இல்லை, வால் ஸ்ட்ரீட்டில் மைக்கேல் மில்கன் விற்றுக் கொடுத்த அதிக வட்டி, அதிக ஆபத்து கொண்ட கடன் பத்திரங்கள். பிறகு பிரமிடு, கோட்டை, கடற்கொள்ளையர் கப்பல் என்று வரிசையாக எழுந்தன. 1993-ல் டியூன்ஸ் ஹோட்டலை வெடிவைத்துத் தகர்த்து, அந்த இடத்தில் 1998-ல் 160 கோடி டாலரில் பெல்லாஜியோ வந்தது. பழைய கட்டடங்கள் விழுவதே ஒரு காட்சிப்பொருளானது. 1995-ல் லேண்ட்மார்க் தகர்க்கப்பட்டதைப் படம் பிடித்து 'மார்ஸ் அட்டாக்ஸ்!' படத்தில் செவ்வாய்க் கிரகவாசிகளின் தாக்குதலாகக் காட்டிவிட்டார்கள். சிக்கனம்!

2001-ல் வந்த புதிய 'ஓஷன்ஸ் லெவன்' இந்தக் காலத்தின் படம். பெல்லாஜியோ, மிராஜ், எம்.ஜி.எம். கிராண்ட் என்ற மூன்று கேசினோக்களின் பணமும் ஒரே பாதாள அறையில். மூன்றுக்கும் ஒரே முதலாளி, டெரி பெனடிக்ட். குத்துச்சண்டை நடக்கும் இரவில் உள்ளே 16 கோடி டாலர். ஒரே ஆளுக்கு மூன்று கேசினோவா, ரீல் விடுகிறார்கள் என்று நினைக்கலாம். 2000-ம் ஆண்டிலேயே கெர்கோரியனின் எம்.ஜி.எம்., ஸ்டீவ் வின்னின் மிராஜ் கம்பெனியை விழுங்கி மூன்றையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்திருந்தது. லேட்டாக வராமல் கணக்கு சரியாக இருந்த அபூர்வமான லாஸ் வேகாஸ் படம் இது. ஒரே வித்தியாசம், நிஜத்தில் கோபமாக முறைக்க ஒரு பெனடிக்ட் கிடையாது. 2019-ல் பெல்லாஜியோவின் நிலமும் கட்டடமும் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 425 கோடி டாலருக்கு விற்கப்பட்டன. எம்.ஜி.எம். அங்கே வாடகை கொடுத்துக் கேசினோ நடத்தத் தொடங்கியது. இப்போது டேனி ஓஷன் யாரிடம் போய்க் கொள்ளையடிப்பார்? வாடகை ஒப்பந்தத்தையா?

இந்த மாற்றத்தை உள்ளே இருந்து பார்த்த படம் 'தி கூலர்' (2003). பக்கத்தில் நின்றாலே மற்றவர் அதிர்ஷ்டத்தைக் கெடுக்கும் ராசியில்லாத மனிதர் ஒருவரைக் கேசினோ சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் கதை. புதிய காலத்துக்கு மாற மறுக்கும் பழைய பாணி மேனேஜராக அலெக் பால்ட்வின் மிரட்டியிருப்பார். இந்தப் படத்தின் கேசினோ காட்சிகளை எடுத்தது ரெனோ நகரத்தில்.

படங்களில் சுத்தமாக விடுபட்டவர்கள் யார் என்றால், ஹோட்டல் படுக்கை விரிப்பவர்களும் தட்டு கழுவுபவர்களும்தான். ஹியூஸ் ஒரு காலத்தில் வாங்கிய அதே ஃப்ரண்டியரில், 1991 செப்டம்பரில் சுமார் 550 தொழிலாளிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆறு வருடம் நாலு மாதம்! ஸ்ட்ரிப்பின் வெயிலில், குளிரில், மாறி மாறி வாசலில் நின்றார்கள். ஒருவர்கூட வேலைக்குத் திரும்பவில்லை. 1998 பிப்ரவரியில் ஹோட்டல் கைமாறி, புதிய முதலாளி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் உள்ளே போனார்கள். அதே ஆறு வருடங்களில் ஹாலிவுட் இந்தச் சாலையில் ஒரு டஜன் படமாவது எடுத்திருக்கும். கேமரா அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை.

1960 படத்தில் கொள்ளை போன ஐந்து கேசினோக்களும் இப்போது என்ன ஆயின? சாண்ட்ஸை 1996-ல் தகர்த்தார்கள், அங்கே வெனீஷியன் நிற்கிறது. டெசர்ட் இன் 2000-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் வின் லாஸ் வேகாஸ் வந்தது. ஸ்கார்செஸி 'கேசினோ'வின் உட்புறக் காட்சிகளை நள்ளிரவுக்குப் பிறகு எடுத்த ரிவியேரா 2015-ல் மூடி, அடுத்த வருடம் தரைமட்டமானது. சஹாரா ஒருமுறை மூடி, பெயர் மாறி, மறுபடி பழைய பெயருக்கே வந்தது. ஃப்ளமிங்கோ பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

கொப்போலாவின் பேத்தி ஜியா கொப்போலா 2024-ல் 'தி லாஸ்ட் ஷோகேர்ள்' என்ற படம் எடுத்தார். முப்பது வருடம் இறகுகளும் கற்களும் பதித்த உடையில் மேடையில் ஆடிய பெண், ஷோவை நிறுத்தப் போகிறோம் என்று ஒருநாள் சொல்லப்படும்போது என்ன செய்வாள் என்பதுதான் கதை. பமேலா ஆண்டர்சன் நடித்தது. வெறும் 18 நாட்களில் எடுத்தார்கள். கொள்ளை இல்லை, கேங்ஸ்டர் இல்லை, சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் மட்டும். 1981 முதல் 2016 வரை ஓடிய 'ஜூபிலி' என்ற நிகழ்ச்சிதான் அதற்குத் தூண்டுதல். அந்த நிகழ்ச்சிக்காகத் தைத்த உடைகளையே படத்தில் பயன்படுத்தினார்கள். ஜூபிலி நடந்த கட்டடம், கெர்கோரியன் 1973-ல் திறந்த அதே எம்.ஜி.எம். கிராண்ட். 1980-ல் தீப்பிடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிறகு பாலிஸ் ஆனது. 2022 முதல் அதன் பெயர் ஹார்ஸ்ஷூ.